பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு ஐந்நூறு ரூபாய் நோட்டு: எங்கள் ஊர் ஸ்டேஷன் கவுண்டர்

எங்கள் ஊர் ரயில்வே ஸ்டேஷனில் முன்பதிவில்லாத டிக்கெட் கொடுக்கும் கவுண்டருக்கு ஐந்தில் மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன். ஒன்று சில்லறைக்காகப் போனது, இன்னொன்று அந்த ஜன்னலின் உயரத்துக்காகப் போனது. ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே மாறி மாறி உட்காருவது இரண்டு பேர்தான். பெயரைச் சொன்னால் யாரைச் சொல்கிறேன் என்று ஊருக்கே தெரிந்துவிடும், அடுத்த வாரமும் நான் அவர்களிடம்தான் கையை நீட்ட வேண்டும். மதுரைக்கு முக்கால் மணி நேரம், ஒரே கவுண்டர், பாசஞ்சர் நிற்கும், எக்ஸ்பிரஸ் சிலது நிற்கும். அடையாளம் இவ்வளவு போதும்.

நான் பிளவுஸ் தைக்கிற கடை வைத்திருக்கிறேன். லைனிங் துணி, டூ பை டூ பிளவுஸ் துணி, சேலை ஃபால்ஸ், ஊக்கு, பைப்பிங் கயிறு, கலர் கலராக நூல்கண்டு எல்லாம் மதுரையில் போய் எடுத்தால்தான் கட்டுப்படியாகும். துணி விளக்குத்தூண் பக்கம். லேஸ், குஞ்சம், மணி வகையெல்லாம் புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிப்போன கடைகளில். பஸ்ஸிலும் போகலாம்தான். ஆனால் பாசஞ்சர் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய், எங்கள் ஊரிலிருந்து மதுரை அந்தப் பத்துக்குள்ளேயே அடங்கிவிடும். கொரோனாவுக்கு நிறுத்திய பாசஞ்சர்கள் திரும்ப ஓட ஆரம்பித்தபோது எக்ஸ்பிரஸ் கட்டணத்தோடு வந்தன, அதே சீட்டு, அதே வேகம், 30 ரூபாய். 2024 பிப்ரவரி கடைசியில்தான் பழையபடி 10 ஆக்கினார்கள். இன்றைக்கு ஒரு டீயே பத்து ரூபாய்க்குக் குறைந்து கிடைப்பதில்லை என்கிறபோது, இந்த டிக்கெட்டைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வாங்குகிற பாட்டைத்தான் சொல்ல வந்தேன்.

‘போனில் எடுத்துவிட்டுப் போகவேண்டியதுதானே’ என்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஸ்மார்ட்போன் என்னிடம் இருக்கிறது. அது கடை போன். நான் மதுரைக்குப் போகிற நாளில் அது கடையில் இருக்க வேண்டும். கழுத்து டிசைன் படம் அனுப்புகிறவர்கள் அதில்தான் அனுப்புவார்கள், தைத்த கூலி அதில்தான் வந்து விழும், கடையைப் பார்த்துக்கொள்ளும் பெண் அதை வைத்துத்தான் வேலை பார்க்கிறாள். என் கைப்பையில் பட்டன் போனும் பணமும் மட்டும். என்னைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள். பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வயசானவர்கள், வாழையிலைக் கட்டு கொண்டுபோகிற அம்மாக்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள். காலைப் பாசஞ்சர் வரிசையைப் பார்த்தாலே தெரியும்.

கையில் சரியாகப் பத்து ரூபாய் இருந்தால் இந்தக் கவுண்டரைவிட வேகமான இடம் எங்கள் ஊரில் கிடையாது. ‘மதுரை பாசஞ்சர் ஒண்ணு’ என்று சொல்லி முடிப்பதற்குள் தட்டிவிடுவார்கள். நம் பக்கம் திரும்பியிருக்கும் சின்னத் திரையில் ஊரும் கட்டணமும் தெரியும், டிக்கெட் கைக்கு வந்துவிடும். ‘பாசஞ்சர்’ என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். வெறுமனே ‘மதுரை ஒண்ணு’ என்றால், அடுத்து வருவது எக்ஸ்பிரஸாக இருக்கும் பட்சத்தில் 30 ரூபாய் டிக்கெட் வந்துவிடும். சூப்பர்ஃபாஸ்ட் என்றால் இன்னும் 15 சேர்த்து 45. அடித்த டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். முன்பதிவில்லாத டிக்கெட்டை ரத்து செய்ய ஆளுக்கு 30 ரூபாய் பிடித்தம். முப்பது ரூபாய் டிக்கெட்டில் முப்பது பிடித்தால் மிச்சம் என்ன என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பாசஞ்சர் டிக்கெட்டோடு எக்ஸ்பிரஸில் ஏறினாலோ, கட்டண வித்தியாசத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம்.

சரி, சில்லறைக்கு வருகிறேன்.

வைகாசி முகூர்த்த நேரம். ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு பிளவுஸுக்கு மேட்சாக லைனிங் ஊரில் எங்கும் கிடைக்கவில்லை. காலைப் பாசஞ்சரில் போய் மத்தியானத்துக்குள் திரும்பியாக வேண்டும். முந்தின நாள் ராத்திரி ஏடிஎம்மில் எடுத்த பணம், எல்லாம் ஐந்நூறு. பெரும்பாலான ஏடிஎம்களில் ஒரு பெட்டியிலாவது 100 அல்லது 200 ரூபாய் நோட்டு வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025-இல் எல்லா வங்கிகளுக்கும் உத்தரவு போட்டது. அந்த உத்தரவு எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

ஜன்னலில் ஐந்நூறை நீட்டினேன். கவுண்டரில் இருந்த பெண் அதைத் தொடவே இல்லை. “பத்து ரூபா டிக்கெட்டுக்கு ஐந்நூறா? சில்லறை இருந்தா குடுங்கக்கா.”

“இல்லம்மா, இதுதான் இருக்கு.”

“அப்ப கொஞ்சம் ஓரமா நில்லுங்க. யாராவது சில்லறை குடுத்தா வாங்கித் தர்றேன்.”

நியாயமான பதில்தான். ஓரமாக நின்றேன். எனக்குப் பின்னால் கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர். முதல் பையன் போனை நீட்டினான். அந்தச் சின்னத் திரையில் கட்டம் கட்டமாகப் படம் வந்தது, ஸ்கேன் செய்தான், போனான். அடுத்தவனும் போன். அதற்கடுத்த பெண்ணும் போன். வரிசை நகர்கிறது, டிக்கெட் விற்கிறது, பணப்பெட்டிக்குள் ஒரு பத்து ரூபாய் விழவில்லை. யாராவது கொடுத்தால்தானே எனக்குக் கிடைக்கும்? கொடுக்கிற அத்தனை பேரும் ஸ்கேன் செய்கிறார்கள். சில்லறை வைத்திருந்த ஆட்கள்தான் முதலில் போனுக்கு மாறினார்கள். மிச்சம் காசு கொடுக்கிறவர்கள் ஏடிஎம்மில் எடுத்த பெரிய நோட்டோடு வருகிறோம். இந்தக் கவுண்டர்களில் கட்டணத்தோடு சேர்ந்து திரையில் வரும் அந்தக் க்யூஆர் கோடு 2024-க்கு அப்புறம்தான் பரவலாக வந்தது. நல்ல வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் வரும்போது பெட்டியில் இருந்த பத்து ரூபாய்களையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது.

தூரத்துக் கேட் மூடுகிற மணி கேட்டது. எனக்கு அடுத்து ஒரு பெரியவரும் அவர் வீட்டம்மாவும் ஓரங்கட்டப்பட்டு நின்றார்கள். பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், கையில் இருநூறு ரூபாய் நோட்டு. அப்போதுதான் வாழையிலைக் கட்டை இறக்கிவைத்துவிட்டு ஒரு அம்மா வந்தார். நிலைமையைப் பார்த்தார், சுருக்குப் பையை அவிழ்த்தார், பத்து ரூபாய் காயின்களை எடுத்து ஜன்னலில் வைத்தார். “நாலு பேருக்கும் சேத்து ஒரே சீட்டா அடி தாயி.”

நாற்பது ரூபாய், நான்கு பேர், ஒரே டிக்கெட். முன்பின் தெரியாத நான்கு பேர் ஒரே குடும்பமாகிவிட்டோம். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. டிக்கெட் ஒன்றுதான் என்றால் ஆட்களும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். நான் வழக்கமாகப் பெண்கள் பெட்டியில் ஏறுவேன். பெரியவரை அங்கே கூட்டிப்போக முடியாது. ஆகவே பொதுப் பெட்டியில், இலைக்கட்டுக்குப் பக்கத்தில், நான்கு பேரும் ஒரே இடத்தில். மதுரையில் வெளியே வரும் வரை அந்த அம்மா பின்னாலேயே போனோம், அவர் நின்றால் நாங்களும் நின்றோம். ஸ்டேஷனுக்கு எதிரே காபி வாங்கி நோட்டை மாற்றி அவர் கணக்கைத் தீர்த்தேன். பெரியவரிடம் வாங்கிக்கொள்ள அவர் ஒப்பவில்லை. “ஆஸ்பத்திரிக்குப் போறவுகட்ட என்னத்த வாங்க” என்று கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

கவுண்டரில் ஏன் சில்லறையே இருப்பதில்லை? கோபத்தில் நானும் ‘தன் பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தால் என்ன’ என்று நினைத்ததுண்டு. அப்படிச் செய்ய முடியாது என்று பின்னால் தெரிந்தது. டிக்கெட் கவுண்டரில் உட்காருகிறவர் வேலை தொடங்கும்போதே தன் சொந்தப் பணம் எவ்வளவு இருக்கிறது என்று எழுதிவைக்க வேண்டும். விஜிலென்ஸ்காரர்கள் திடீரென்று வந்து எண்ணினால், விற்ற டிக்கெட்டுக்கும் பெட்டியில் இருக்கும் பணத்துக்கும் எழுதிவைத்த சொந்தப் பணத்துக்கும் கணக்கு ஒத்துப்போக வேண்டும். குறைந்தால் கைக்காசைக் கட்ட வேண்டும், கூடினால் விளக்கம் சொல்ல வேண்டும். இந்த நிலையில் யார் தன் பர்ஸைத் திறப்பார்கள்? ‘அப்புறம் வாங்கிக்கங்க’ என்று கடைக்காரர் சொல்வது போலச் சொல்லவும் அவரால் முடியாது. ரயில் கட்டணமெல்லாம் ஐந்தின் மடங்கு. ஒன்று, இரண்டு ரூபாய் காசுக்கு அங்கே வேலையே இல்லை. பத்தும் இருபதும் ஐம்பதும் ஒரு கட்டு இருந்தால் காலைக் கூட்டம் முழுக்கச் சமாளித்துவிடலாம். அந்தக் கட்டை வங்கியிலிருந்து வாங்கிக் கொடுக்கவேண்டியது ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் பெண்ணா, மேலே இருப்பவர்களா? ‘சரியான சில்லறை கொடுத்து உதவவும்’ என்ற பலகையை மட்டும் புதுசாக எழுதி மாட்டியிருக்கிறார்கள்.

இந்தக் கவுண்டரை நான் மனசாரப் பாராட்டுகிற விஷயம் ஒன்று உண்டு. பத்து ரூபாய் காயினை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்கிறார்கள். எங்கள் பக்கம் மளிகைக் கடையில் வாங்கமாட்டார்கள், மினி பஸ்ஸில் வாங்கமாட்டார்கள், பூக்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். செல்லாது என்று எவனோ கிளப்பிவிட்ட புரளி, இன்னும் சாகவில்லை. பத்து ரூபாய் காயினில் அதுவரை வந்திருந்த 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே சொல்லிவிட்டது. நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காயின்களை ஆயிரம் ரூபாய் வரை கொடுத்துக் கடனைத் தீர்க்கலாம். சட்டத்தைச் சொன்னால் மளிகைக் கடை அண்ணாச்சி ‘நீங்க வாங்கிக்கறீங்களா?’ என்று திருப்பிக் கேட்கிறார். வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இப்போது தெருவில் யார் வீட்டில் பத்து ரூபாய் காயின் கிடந்தாலும் என் கடைக்கு வந்துவிடும். நோட்டாக மாற்றிக் கொடுத்துவிட்டுக் காயினைத் தனி டப்பாவில் போட்டு வைப்பேன். மதுரைக்குப் போகிற நாளில் அந்த டப்பாதான் என் டிக்கெட்.

மெஷினைப் பற்றியும் சொல்ல வேண்டும். கவுண்டருக்குப் பக்கத்திலேயே தொட்டு டிக்கெட் எடுக்கிற மெஷின் ஒன்று நிற்கிறது. ஸ்மார்ட் கார்டு வைக்கலாம், போனில் ஸ்கேன் செய்யலாம், நோட்டு போட அதற்கு வாயே கிடையாது. நோட்டும் காயினும் வாங்குகிற மெஷின்களும் ரயில்வேயில் இல்லாமல் இல்லை, மும்பைப் பக்கம் வைத்தார்கள். எங்களுக்கு வந்தது இதுதான். பெரிய ஜங்ஷன்களில் இதே மெஷினுக்கு முன்னால் ஒருவர் கார்டோடு நிற்பார். பெரும்பாலும் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். நாம் காசைக் கொடுத்தால் தன் கார்டிலிருந்து டிக்கெட் எடுத்துத் தருவார். அவருக்கு வருமானம் கார்டில் பணம் ஏற்றும்போது ரயில்வே தரும் கமிஷன்தான், நம்மிடம் கூடுதலாக ஒரு பைசா வாங்கக் கூடாது. அவரிடம் எப்போது போனாலும் சில்லறை இருக்கும். காரணம், அது அவர் சொந்தப் பணம். சில்லறை இல்லாவிட்டால் அவருடைய வியாபாரம் நின்றுவிடும், அதனால் எங்கிருந்தாவது பிடித்துவிடுவார். எங்கள் ஸ்டேஷனுக்கும் ஒருவரைப் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மெஷின் ஒழுங்காக இருந்தால், என்று சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் மெஷினில் விரலை அழுத்தினால் பக்கத்து எழுத்து விழுகிறது.

ஆனாலும் அந்த ஸ்மார்ட் கார்டை வாங்கிக்கொள்ளச் சொல்வேன். காசுக்காரர்களுக்கு உருப்படியான வழி அதுதான். கவுண்டரில் பணம் கொடுத்து அந்தக் கார்டில் ஏற்றிக்கொள்ளலாம். சில்லறை இல்லை என்று எந்த ஐந்நூறு ரூபாயைத் தள்ளிவிட்டார்களோ, அதையே முழுசாக ஏற்றினால் யாரும் யாருக்கும் மீதி தரவேண்டியதில்லை. மேற்கொண்டு 3 சதவீதம் போனஸ். எங்கள் கவுண்டரில் கார்டு கேட்டபோது கைவசம் இல்லை என்றார்கள். வேறொரு ஸ்டேஷனில் வாங்கினேன். ஐந்நூறை வைத்துக்கொண்டு ஓரமாக நிற்கிறவரிடம் இப்படி ஒரு வழி இருக்கிறது என்று அங்கே ஒரு வரி எழுதிப்போட்டிருந்தால், அந்தப் பலகையைவிட உதவியாக இருந்திருக்கும்.

முந்தின நாளே டிக்கெட் வாங்கி வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். முடியாது. 200 கிலோமீட்டருக்கு மேல் போகிறவர்களுக்குத்தான் மூன்று நாள் முன்னால் தருவார்கள். எங்களைப் போலப் பக்கத்தில் போகிறவர்கள் அன்றைக்கே வாங்கி, மூன்று மணி நேரத்துக்குள், அல்லது அந்தப் பக்கம் போகும் முதல் ரயில், இரண்டில் எது பிந்தியதோ அதற்குள் கிளம்பிவிட வேண்டும். தினமும் போகிறவர்கள் சீசன் பாஸ் எடுத்துக் கவலையில்லாமல் போகிறார்கள், வாரத்துக்கு ஒருமுறை போகிற எனக்கு அது நஷ்டம். ஸ்டேஷனுக்கு வெளியே டிக்கெட் விற்க அனுமதி வாங்கிய கடைகள் சில ஊர்களில் உண்டு. ஆளுக்கு ஒன்றோ இரண்டோ ரூபாய் கூட வாங்குவார்கள், வரிசை இருக்காது. எங்கள் ஊரில் அப்படி ஒரு கடை இருந்தது, இப்போது அங்கே ஜூஸ் போடுகிறார்கள்.

போன்காரர்களுக்கும் எல்லா நாளும் நல்ல நாள் இல்லை. நெட் இழுக்காத காலைகளில் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பணம் போய்விட்டது என்பான் பையன், வரவில்லை என்பார் கவுண்டர்க்காரர். பின்னால் பத்து ரூபாயைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற நாங்கள் கேட்டைப் பார்ப்போம். அந்த நேரத்தில் ‘காசு இருக்கறவங்க முன்னாடி வாங்க’ என்று ஒரு குரல் வருமே, அதைக் கேட்க ஒரு திருப்திதான், ஒளிப்பானேன்.

ஜன்னலின் உயரத்துக்காக ஏன் ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தேன் என்றால், நான் ஐந்தடிகூட இல்லை. கல் மேடை என் கழுத்துக்கு வருகிறது. காசு போடும் குழி அந்தப் பக்கம் தள்ளி இருக்கிறது. எட்டிப் போட்டால் காயின் உருண்டு கீழே விழும், குனிந்து எடுப்பதற்குள் பின்னால் இருப்பவர் கையை நீட்டிவிடுவார். கண்ணாடியில் பேசுவதற்கு விட்டிருக்கும் ஓட்டை என் தலைக்கு மேல் இருக்கிறது. ஆறடி ஆளை மனசில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். காலைப் பாசஞ்சரில் பாதிக்கு மேல் பெண்களும் வயசானவர்களும். ஒரு மரப்பலகை போட்டால் போதும்.

ரயில்வே உதவி எண் 139-க்குப் பட்டன் போனிலிருந்தே அழைத்துப் புகார் பதிவு செய்யலாம். செய்தேன். ஊழியரைப் பற்றி எனக்குப் புகாரில்லை, கவுண்டருக்குக் காலையில் சில்லறைக் கட்டு கொடுத்து அனுப்புங்கள் என்று தெளிவாகச் சொன்னேன். இரண்டு நாளில் குறுஞ்செய்தி வந்தது: சம்பந்தப்பட்ட ஊழியருக்கு அறிவுறுத்தப்பட்டது, புகார் முடிக்கப்பட்டது. அடுத்த முறை போனபோது அந்தப் பெண், “யக்கா, எம் மேல எழுதிக்குடுத்தீகளா?” என்று கேட்டார். இல்லை தாயி, உன் பணப்பெட்டிக்காகத்தான் சொன்னேன் என்று விளக்கிச் சொல்வதற்குள் பாசஞ்சர் வந்துவிட்டது. அவர் இப்போது அளவு பிளவுஸ் கொண்டுவந்து என்னிடம்தான் தைக்கக் கொடுக்கிறார் என்பது வேறு விஷயம்.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஷிப்ட் மாறுகிற நேரத்தில் கணக்கு முடிக்கக் கொஞ்ச நேரம் ஜன்னலைச் சாத்துவார்கள், பாசஞ்சர் வருவதற்கு அரை மணி முன்னால் வரிசையில் நின்றுவிடுங்கள். பத்து ரூபாய் காயின் வேண்டுமென்றால் பஸ் ஸ்டாண்டு அருகே மெடிக்கலில் கேளுங்கள், தலையில் கட்டிவிட ஆள் கிடைக்காமல் அவர் ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறார். எனக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.